நூலகக் கவுண்டரில் ஒருவர் அழத் தொடங்கினால்

பெரும்பாலும் அது புத்தகம் திருப்பித் தருகிற கவுண்டரில்தான் நடக்கிறது. நான்கு புத்தகங்களை மேசைமேல் வைப்பார்கள். கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் தாமதக் கட்டணம் வந்து நிற்கும். "இவ்வளவு ஆகியிருக்குங்க" என்று சொல்ல வாயெடுக்கும்போது எதிரே நிற்பவர் சொல்வார்: "இது எங்க வீட்டுக்காரர் எடுத்த புத்தகம். போன மாசம் அவர் இறந்துட்டார்." பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பொது நூலகத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் புத்தகத்தின் துறையைக் காட்டுகிற பகுப்பு எண் சொல்லித் தருகிறோம், புத்தகம் அடுக்கச் சொல்லித் தருகிறோம், மென்பொருளைப் பழக்குகிறோம். இந்த நிமிடத்துக்கு யாரும் பழக்குவதில்லை. ஆனால் இது எப்போதோ ஒருமுறை வருவதல்ல. மருத்துவமனைக்கு நோயாளியாகப் போகிறோம், வக்கீலிடம் கட்சிக்காரராக, அலுவலகத்துக்கு மனுதாரராக. நூலகத்துக்கு மட்டும்தான் காரணம் சொல்லாமல் வரலாம், காசு கொடுக்காமல் நாள் முழுக்க உட்காரலாம். அடக்கி வைத்தது அப்படிப்பட்ட இடத்தில்தான் உடைகிறது.

1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த நூலகர் மாநாட்டிலேயே, வூஸ்டர் பொது நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்வெட் கிரீன் நூலகருக்கும் வாசகருக்கும் இடையிலான நேர்முக உறவைப் பற்றிக் கட்டுரை படித்திருக்கிறார். 2009இல் சான்பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரே அமர்த்தப்பட்டார். பெரும்பாலான நூலகங்களுக்கு அந்த வசதி கிடையாது. கவுண்டரில் இருப்பவர்தான் உண்டு. அவர் ஆலோசகர் ஆகத் தேவையில்லை. வந்தவர் புத்தகத்தின் வழியாக வந்தார், உதவியும் அந்த வழியாகவே போகலாம். நம் அன்றாட வேலையின் சின்னச் சின்னப் படிகளை அந்த நிமிடத்தில் பிசகாமல் செய்வதுதான் நாம் தரக்கூடிய ஆறுதல். பிசகினால் காயப்படுத்துவதும் அதே படிகள்தான்.

முதலில் அந்தத் தாமதக் கட்டணம். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மூன்று வாக்கியம் சொன்னால் போதும்: "புத்தகத்தை நான் வாங்கிக்கிறேன். நீங்க கட்ட வேண்டியது எதுவும் இல்லை. மீதியை நாங்க பார்த்துக்கிறோம்." இறப்புச் சான்றிதழ் கேட்பது, மேலதிகாரியைக் கூப்பிட்டுத் தள்ளுபடிக்கு அனுமதி வாங்கும்வரை அவரை நிற்க வைப்பது இரண்டும் வேண்டாம். இப்படிப்பட்ட தள்ளுபடியைக் கவுண்டரில் இருப்பவரே செய்யலாம் என்ற அதிகாரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வைப்பது நிர்வாகத்தின் கடமை. அது இல்லாத நூலகத்தில் நல்ல மனசுள்ள பணியாளரும் அந்த நிமிடத்தில் கல்லாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

புத்தகத்தை வாங்கியதும் அவசரமாக அடுக்கு வண்டியில் வைக்காதீர்கள். அவரிடமே திரும்ப நீட்டி, "உள்ளே ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள். படித்து நிறுத்திய பக்கத்தில் செருகிய சீட்டு இருக்கும், ஓரத்தில் பென்சில் கோடு இருக்கும். நமக்கு அது அழித்துச் சரிசெய்ய வேண்டிய சேதம். அவருக்கு அது கணவரின் கை. சிலர் அந்தப் பிரதியையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மறுபதிப்பில் கிடைக்கிற புத்தகம் என்றால் வேறு பிரதி வாங்கிக்கொண்டு இதை நீக்கப் பதிவேட்டில் (இருப்பிலிருந்து எடுத்துவிட்ட புத்தகங்களின் பட்டியலில்) எழுதி, அவருக்கே கொடுத்துவிடலாம். அதற்கு விதி இடம் தராவிட்டால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தரலாம். "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

அவர் போன பிறகு இருக்கிற வேலையைத்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். இறந்தவர் பெயரில் ஒரு முன்பதிவு வரிசையில் காத்திருக்கும். மூன்று வாரம் கழித்து "நீங்கள் கேட்ட புத்தகம் தயார்" என்று அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அந்த போன் இப்போது மனைவியின் கையில் இருக்கிறது. கணக்கை முடக்கினால் போதும் என்று நினைப்பது தவறு. முடக்கினால் புதிதாக இரவல் எடுக்க முடியாது, அவ்வளவுதான். தானாகப் போகிற நினைவூட்டல்கள் பல மென்பொருள்களில் அதனால் நிற்பதில்லை. முதலில் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு முன்பதிவுகளை ரத்து செய்து, வெளியே இருக்கிற புத்தகங்களைக் கணக்கிலிருந்து விடுவித்து, நிலுவையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். அவர் உத்தரவாதம் கொடுத்த பிள்ளைகளின் அட்டைகளை வேறொரு பெரியவரோடு இணைக்க வேண்டும். கணக்கை நீக்குவது கடைசியில். இரவலில் புத்தகம் இருக்கிற கணக்கை கோஹா போன்ற நூலக மென்பொருள் நீக்கவிடாது. அந்தத் தடை வந்ததும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிற கணக்குதான் பின்னால் கடிதம் அனுப்புகிறது. அன்றே முடித்துவிடுங்கள்.

ஒருவர் அழத் தொடங்கிவிட்டால், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஆறுதல் சொல்லாதீர்கள். இடுப்பளவு மரப்பலகை இடையில் இருக்கும்போது எந்தச் சொல்லும் போய்ச் சேராது. சக பணியாளருக்குச் சைகை காட்டி வரிசையை ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். "இப்படி வந்து உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டுங்கள். வாசிப்புக் கூடத்துக்கு முதுகு காட்டுகிற மாதிரி அந்த நாற்காலி இருக்க வேண்டும், அவர் முகம் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். அழும்போது யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நிச்சயம் பாதி பாரத்தை இறக்கிவிடும். ஆனாலும் கதவு மூடிய தனி அறைக்கு அழைத்துப் போக வேண்டாம். அவருக்கும் பயம், உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை. கண்ணாடித் தடுப்புள்ள அறை, அல்லது அடுக்குகளுக்கு அப்பால் மற்ற பணியாளர் பார்க்கக்கூடிய மூலை போதும்.

தண்ணீரும் காகிதக் கைக்குட்டையும் கையெட்டும் இடத்தில் வையுங்கள், கையில் திணிக்காதீர்கள். தோளைத் தொடாதீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், நேர் எதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது நமக்குத் தெரியாது. "எங்க வீட்டிலேயும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அழுகிறவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பேசாமல் இருப்பதுதான் கடினம், அதுதான் பெரும்பாலும் சரி. ஐந்து, பத்து நிமிடத்தில் பலர் தாமாகவே எழுந்து "மன்னிச்சுக்குங்க" என்பார்கள். "மன்னிக்க ஒண்ணுமே இல்லைங்க. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தனியாக இருக்க விடுவதும் உதவிதான்.

இன்னொரு வகை நிமிடம் கேள்வியாக வரும். "மருத்துவப் புத்தகம் எங்கே இருக்கு?" நூலக அறிவியல் படித்தவர்களுக்கு ராபர்ட் டெய்லர் 1968இல் எழுதியது நினைவிருக்கும்: வாசகர் வாயிலிருந்து வருகிற கேள்வி, அவர் மனதில் இருக்கிற தேவையின் கடைசி, சுருங்கிய வடிவம். நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று அவரே ஊகித்து, அதற்கேற்ப வெட்டிச் சுருக்கிக் கேட்கிறார். வலி உள்ள விஷயத்தில் இன்னும் அதிகமாகச் சுருக்குவார். "மருத்துவப் புத்தகம்" என்று அவர் சொன்னதற்குள் நேற்று மாலை வந்த பரிசோதனை அறிக்கை இருக்கலாம்.

இங்கே "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி ஒப்புதல் வாக்குமூலம் கேட்கிறது. "ஏன்", "யாருக்கு" இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆய்வாளர்கள் பிரெண்டா டெர்வினும் பட்ரீஷியா டியூட்னியும் 1986இல் விளக்கிய நடுநிலைக் கேள்வி முறை இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும்: "எந்த மாதிரித் தகவல் கிடைச்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" "இதுவரைக்கும் என்ன தெரிஞ்சிருக்கு?" "சிகிச்சை பத்தியா, சாப்பாடு பத்தியா, கூட இருந்து பார்த்துக்கிறது பத்தியா?" இவற்றுக்குப் பதில் சொல்ல அவர் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. வேண்டுமென்றால் தாமாகச் சொல்வார்.

குரலைத் தாழ்த்துங்கள். நோயின் பெயரை அவர் காதோடு சொல்லியிருந்தால் நீங்கள் சத்தமாகத் திரும்பச் சொல்லாதீர்கள். தேடல் சொல்லை அவரையே தட்டச்சு செய்யச் சொல்லலாம், அல்லது துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். மருத்துவப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது பதிப்பாண்டைப் பாருங்கள். சிகிச்சை முறைகள் சீக்கிரம் மாறுகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய புத்தகம் ஒருவரைத் தேவையில்லாமல் நடுங்க வைக்கும், அல்லது பொய்யான நம்பிக்கை தரும். உயிர் பிழைக்கும் விகிதத்தைப் பற்றிய அத்தியாயம் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது: "முன்பகுதி சிகிச்சையைப் பத்தினது. கடைசி அத்தியாயத்தில எண்ணிக்கை எல்லாம் இருக்கு, அதை இப்போ பார்க்கணும்னு இல்லை." புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் காட்டலாம். "அப்படின்னா எனக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அது மருத்துவரிடம் போக வேண்டிய கேள்வி. அவரிடம் கேட்பதற்கான கேள்விகளை எழுதிக்கொள்ள ஒரு தாள் கொடுக்கலாம், அது நம் வேலைதான்.

புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்க உதவுகிற டியூயி பகுப்பு அறிவைத் துறைவாரியாகப் பிரிக்கிறது. மனிதருக்கு வருகிற துயரம் துறை பார்த்து வருவதில்லை. கணவரை இழந்த ஒருவருக்கு இழப்பின் உளவியல் 155.937இல் இருக்கும், துணையை இழந்த பிறகான குடும்ப வாழ்க்கை 306.88இல், வாரிசுரிமைச் சட்டம் 346.05இல், சொந்தப் பண நிர்வாகம் 332.024இல், திரும்ப வேலை தேடுவது 650.14இல். "அந்தப் பக்கம் மூணாவது ரேக்" என்று கைகாட்டினால் அவருக்கு ஐந்தில் ஒன்றுதான் கிடைக்கும். மற்றதைக் கேட்க மறுபடி வந்து, மறுபடி தன் கதையைச் சொல்ல வேண்டும். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அதை வேகம் என்று மட்டும் புரிந்துகொள்வது பாதிதான். ஒரே வேதனையை இரண்டாம் முறை சொல்ல வைக்காமல் இருப்பதும் அந்த விதிக்குள் அடங்கும். ஆகவே கூட நடந்து போங்கள். அடுக்குகளுக்கு நடுவே நடக்கும்போதுதான் பலர் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல், புத்தகங்களின் முதுகட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசுவது எளிது.

பதின்வயதுப் பிள்ளைகள் நடக்கும்போதுகூடக் கேட்க மாட்டார்கள். பருவமாற்றம், உறவு, வீட்டில் நடக்கும் வன்முறை பற்றிய புத்தகங்களைக் கவுண்டருக்கு எதிரே உள்ள அடுக்கில் வைத்தால் அவை அப்படியே இருக்கும். ஒதுக்குப்புறமான அடுக்கில், தானே இரவல் பதியும் இயந்திரம் உள்ள பக்கத்தில் வையுங்கள். அங்கேயே உதவி எண்கள் அச்சிட்ட, உள்ளங்கையில் மறையும் அளவுச் சீட்டுகளை வைத்தால் எடுத்துப் போவார்கள். சுவரொட்டியில் இருக்கும் எண்ணை எழுதிக்கொள்ள யாரும் நின்று பேனா எடுப்பதில்லை.

ரகசியம் உடைவது பெரும்பாலும் பேச்சில் அல்ல, காகிதத்தில். முன்பதிவு அடுக்கில் வாசகரின் முழுப்பெயர் வெளியே தெரிகிற மாதிரி சீட்டு செருகி, முதுகட்டையும் வெளியே தெரிய வைத்தால், இன்னார் விவாகரத்துச் சட்டம் படிக்கிறார் என்று நாமே அறிவித்துவிடுகிறோம். பெயருக்குப் பதில் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும், முதுகட்டை சுவரைப் பார்க்கட்டும். முன்பதிவு வந்ததை போனில் சொல்லும்போது தலைப்பைச் சொல்லக் கூடாது. எடுப்பவர் வேறு யாராகவும் இருக்கலாம். வன்முறை செய்கிற துணையிடமிருந்து தப்பத் திட்டமிடுகிறவருக்கு அந்த ஒரு வரி உயிராபத்து. தானாகப் போகிற குறுஞ்செய்தியிலும் தலைப்பு வராதபடி வார்ப்புருவை மாற்றுங்கள். "என் மனைவி என்ன புத்தகம் எடுத்திருக்காங்க?" என்று கேட்கிற கணவருக்கு, அவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், பதில் இல்லை. திருப்பித் தந்த புத்தகங்களின் வரலாற்றைப் பெயரில்லாமல் ஆக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது. அதை யாராவது அமைத்து, தவறாமல் ஓட விட வேண்டும். நம்மிடம் இல்லாத தகவலை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது.

நகல் எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கடைசித் தாள் எப்போதும் தங்கிவிடும். மருத்துவ அறிக்கை, நீதிமன்ற மனு, பணிநீக்கக் கடிதம். அதைக் கவிழ்த்து உறையில் போட்டு, தேதியும் நேரமும் மட்டும் எழுதிப் பூட்டிய இழுப்பறையில் வையுங்கள். தேடி வருபவர் அது என்ன தாள் என்று சொன்னால் உறையைப் பிரிக்காமல் கொடுக்கும் அளவுக்கு வேகமாக இருக்க வேண்டும் அந்தக் கைமாற்றம். புத்தகத்துக்குள் கிடைக்கிற கடிதம், கருவுற்ற தாயின் ஸ்கேன் படம், பழைய புகைப்படம் இவற்றுக்கு உறைமேல் புத்தகத்தின் பதிவு எண்ணும் பக்க எண்ணும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியாக எடுத்தவர்தான் உரியவர் என்று முடிவு கட்டாதீர்கள். பத்துப் பேர் திறக்காத பக்கத்தில் அது இரண்டு வருடம் இருந்திருக்கலாம். போன் செய்தால் "உங்க பொருள் ஒண்ணு எங்ககிட்ட இருக்கலாம், வந்து பாருங்க" என்பதோடு நிறுத்துங்கள். ஸ்கேன் படம் என்று சொன்னால், வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றை நாம் சொன்னதாகிவிடலாம்.

"கண்ணாடி கொண்டு வரலை, கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" இதை ஒரே ஆள் மூன்றாம் முறை சொன்னால் கண்ணாடி காரணமாக இருக்காது. படிக்கத் தெரியாத பெரியவர் நூலகத்துக்குள் நுழைவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடியை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து "நிரப்பிட்டு வாங்க" என்று அனுப்பாமல், எல்லோருக்கும் செய்வது போலவே "சேர்ந்தே நிரப்பிடலாம், நான் கேட்கிறேன், நீங்க சொல்லுங்க" என்று எழுதிவிடலாம். முதியோர் எழுத்தறிவு வகுப்பின் தகவலைப் "தெரிஞ்சவங்க யாருக்காவது தேவைப்படலாம்" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கணினியில் உதவும்போது கடவுச்சொல் தட்டச்சு செய்கிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் நீங்களே நுழைந்து பணம் அனுப்பித் தராதீர்கள், பின்னால் ஒரு ரூபாய் குறைந்தாலும் சந்தேகம் உங்கள்மேல் வரும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டேயும் சொல்லக் கூடாது" என்று ஒருவர் ஆரம்பித்தால், கேட்பதற்கு முன் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்க உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். மத்தபடி என்னோடேயே இருக்கும்." இதை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் துரோகம் செய்ததாக ஆகாது. தற்கொலை பற்றிய புத்தகம் கேட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம், மாணவராக இருக்கலாம். உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து "இனிமே இது தேவைப்படாது" என்கிறவர், தினமும் வந்துகொண்டிருந்து திடீரென்று தன் சாமான்களை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறவர், அப்படிப்பட்டவர்களிடம் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பது தூண்டாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். ஒருவர் கூட இருக்க, மற்றவர் அவசர உதவிக்கு அழைக்கட்டும். அந்த எண்கள் போனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். எடுக்காத எண் இல்லாததைவிட மோசம்.

மூடும் நேரத்தில் தனியாக நிற்கிற குழந்தையிடம் கோபப்படாதீர்கள், தாமதம் அதனுடையது அல்ல. இரண்டு பணியாளர்கள் சேர்ந்து, வெளியிலிருந்து பார்வைபடுகிற இடத்தில் காத்திருக்க வேண்டும். சொந்த வண்டியில் கொண்டுபோய் விடுவது கூடாது. எத்தனை நிமிடம் கழித்துக் காவல்துறையையோ குழந்தைகள் உதவி எண்ணையோ அழைப்பது என்பதை நூலகம் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அன்று இரவு யோசிக்கக் கூடாது.

அன்பாகக் கேட்டதையும் பொறுமையாக நின்றதையும் வேறுவிதமாக எடுத்துக்கொள்கிற வாசகரும் உண்டு. போன் எண் கேட்பார்கள், பரிசு கொண்டு வருவார்கள், வேலை முடியும் நேரம் விசாரிப்பார்கள். "பார்க்கலாம்" என்று சிரித்து மழுப்பினால் அது சம்மதமாகப் போய்ச் சேரும். "வேலை நேரத்தில நூலக விஷயமா எப்போ வேணும்னாலும் கேளுங்க. சொந்த எண் யாருக்கும் தர்றதில்லை." ஒரே தொனியில், ஒவ்வொரு முறையும் அதே சொற்கள். அன்றே சக பணியாளரிடம் சொல்லி, தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு அவருக்கு வேறொருவர் பதில் சொல்லட்டும்.

கனமான நிமிடம் எதுவானாலும், அது முடிந்ததும் அடுத்த வாசகரை உடனே கூப்பிடாதீர்கள். பதினைந்து நிமிடம் பின்னறையில் உட்காருங்கள், அந்த இடைவேளையைக் கேட்டு வாங்குவது பலவீனம் அல்ல. நிகழ்வுப் பதிவேட்டில் நேரம், பார்த்தது, கேட்டது, செய்தது மட்டும் எழுதுங்கள். "மனநிலை சரியில்லாதவர்" மாதிரி சொற்கள் வேண்டாம். "20 நிமிடம் அழுதார், தண்ணீர் கொடுத்தோம், தாமாகக் கிளம்பினார்" போதும். எடுத்த புத்தகத்தின் பெயரும் வேண்டாம்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வருவார். அல்லது நீங்கள் இருக்கிற நேரம் பார்த்து வராமல் இருப்பார், அதையும் புரிந்துகொள்ள வேண்டும். வந்தால், நம் மனசு "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்கத் துடிக்கும். கவுண்டரில், மற்றவர் காதுபட, அதைக் கேட்காதீர்கள். உங்கள் முன்னால் உடைந்து அழுதவராக இருப்பதா, வெறும் வாசகராக இருப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் சொல்கிற "வாங்க"வையே சொல்லுங்கள். போன முறை எடுத்த புத்தகத்தை வைப்பார். பதிந்து, அட்டைக்கு உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியில் வையுங்கள். அவர் கொஞ்சம் தயங்கி நின்றால் மட்டும், "அதே பக்கம் புதுசா ரெண்டு வந்திருக்கு, எடுத்துக் காட்டட்டுமா?" என்று எழுந்திருங்கள்.